ஆய்வு முடிந்த மறுவாரம் யார் பேசுவார்கள்?

தனிமை குறித்த ஆய்வுகளுக்கு நிதி தரும் அமைப்புகளுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் வழங்கும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். தனிமையைக் குறைப்பதாகச் சொல்லும் எந்த ஆய்வுக்கும் இனி ஒப்புதல் தரும்முன், அது முடிந்த மறுவாரம் பங்கேற்பாளரோடு யார் பேசுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம். கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனிமை உடம்பையும் கெடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததும், உலக மக்களில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025-இல் அறிவித்ததும் உங்களிடம் வரும் விண்ணப்பங்களின் முதல் பக்கத்திலேயே இருக்கும். எனக்குச் சந்தேகமெல்லாம் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான்.

என் அத்தை தனியாக வசிப்பவர். இப்படியொரு ஆய்வில் அவரைச் சேர்த்தார்கள். ஒரு கல்லூரி மாணவி குறித்த நாளில், குறித்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவாள். "முன்னே பின்னே தெரியாத பொண்ணுகிட்ட என்னத்தைப் பேசறது?" என்று முதலில் அத்தை அலுத்துக்கொண்டார். அப்புறம் அந்த நாளில் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார். காதுக் கருவிக்கு முன்கூட்டியே பேட்டரி மாற்றி வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் தேர்வு எப்போது, அவள் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தைக்குத் துணையாக அந்தப் பெண்ணை அமர்த்தியதாக ஆய்வுக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். அத்தையைக் கேட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் இவர் துணை.

பிறகு ஆய்வுக் காலம் முடிந்தது. நன்றிக் கடிதம் வந்தது, கூடவே ஒரு சான்றிதழ். எண்ணை மறைத்தே அழைத்துவந்ததால் திருப்பிக் கூப்பிட வழியில்லை. அலுவலகத்தைக் கேட்டேன். விதிப்படி எண்ணைத் தர முடியாது என்றார்கள். சரி, விதி விதிதான். ஆனால் அத்தை என்னிடம் கேட்டது இது: "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" ஆய்வு இன்ன தேதியோடு முடியும் என்று படிவத்தில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சில மாதம் கழித்து ஒரு மதியம் மறைத்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அத்தை எழுந்து ஓடினார். பேசியது வேறொரு குரல், பின்தொடர் அளவீட்டுக்காக. துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள். யூ.சி.எல்.ஏ. தனிமை அளவுகோலின் இருபது கேள்விகளை மூன்றாகச் சுருக்கியது 2004-இல் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 'அரிதாக', 'சில நேரம்', 'அடிக்கடி' என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தை மூன்றுக்கும் 'அரிதாக' என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அடிக்கடின்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு மார்க் குறைஞ்சிடுமே" என்றார்.

ஆக, உங்கள் நிதியில் தயாரான ஏதோ ஒரு வரைபடத்தில் என் அத்தை தேறிவிட்டார். வாழ்த்துகள்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1976-இல் ரிச்சர்ட் ஷூல்ஸ், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்க்கும்படி ஓர் ஆய்வு செய்தார். மாணவர் எப்போது வருவார் என்று முன்பே தெரிந்தவர்களும், அதைத் தாங்களே முடிவுசெய்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். இது கதையின் முதல் பாதி. 1978-இல் ஷூல்ஸும் பார்பரா ஹனுசாவும் அதே மனிதர்களைப் பற்றி மறுபடி எழுதினார்கள். வருகைகள் நின்றபின், நன்றாக இருந்த அந்தக் குழுவினரின் உடல்நிலையும் வாழும் ஆர்வமும்தான் மளமளவென்று சரிந்திருந்தன. கட்டுரைத் தலைப்பிலேயே 'நெறிமுறைச் சிக்கல்கள்' என்று போட்டார்கள். ஐம்பது ஆண்டு நெருங்குகிறது. நெறிமுறைக் குழு என்று பெயர் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

மருந்தாய்வுக்கு இந்தப் பாடம் எப்போதோ புரிந்துவிட்டது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வில் பலன் தந்த சிகிச்சை ஒருவருக்கு இன்னும் தேவைப்பட்டால் ஆய்வுக்குப் பிறகும் அது கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்கிறது. ஒப்புதல் வாங்கும்போதே அதைப் பங்கேற்பாளரிடம் சொல்லவும் வேண்டும். மாத்திரைக்கு இருக்கும் இந்த மரியாதை மனிதக் குரலுக்கு ஏன் இல்லை? பலன் நிரூபணமாகவில்லை என்றும் சொல்ல முடியாது. 17 முதல் 23 வயதுக்குட்பட்டவர்கள் நான்கு வாரம் தொலைபேசியில் பரிவோடு பேசியதிலேயே அழைப்பைப் பெற்றவர்களின் தனிமை குறைந்ததாக, 240 பேரை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2021-இல் வெளியானது. பலன் உண்டு என்றால், அதை நிறுத்தும்போது இழப்பும் உண்டுதானே?

உங்கள் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். நல்ல வரி. நடைமுறையில் அந்த உரிமையைப் பயன்படுத்துவது என்னவோ நீங்கள்தான்.

இன்னொரு வேடிக்கை. பேச்சுத்துணை தருவதைவிட, 'யாருக்கும் நான் வேண்டாம்' என்பது போன்ற எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சைகளே கூடுதல் பலன் தந்தன என்று மேசி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2011-இல் தொகுத்துச் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் பல வாரம் உட்கார்ந்து, 'மற்றவர்கள் உங்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்பது உங்கள் கற்பனை' என்று கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தோடு தொடர்பை அறுத்தால் அந்த மனிதர் எதை நம்புவார்? பிரிட்டன் 2018-இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது, ஜப்பான் 2021-இல். கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. பேசும் செயலி, அணைத்துக்கொள்ளக் கடல்நாய்க் குட்டி வடிவ ரோபோ என்று கருவிகளுக்கும் குறைவில்லை. தனிமையில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இந்தத் துறையில் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததை மறுபடி மரியாதையோடே கேட்கிறேன்: மறுவாரம் யார் பேசுவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பணம் இல்லை என்பீர்கள். அளவிடுவதற்குப் பணம் இருந்தது. ஆறு மாதம் கழித்து மூன்று கேள்வி கேட்க ஒருவருக்குச் சம்பளம் தர முடிந்தால், அதே ஆள் இடையில் ஒருமுறை சும்மா கூப்பிட்டு நலம் விசாரிக்கவும் தரலாம். காலமெல்லாம் பேசுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே நாளில் நிறுத்தாமல், கடைசி மாதத்தில் அழைப்புகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். அந்தப் பகுதியில் இயங்கும் தன்னார்வக் குழு ஒன்றிடம் ஆய்வு நடக்கும்போதே அறிமுகம் செய்துவைக்கலாம். இரு பக்கமும் விரும்பினால் எண்ணைப் பகிர்ந்துகொள்ள, தரவு சேகரிப்பு முழுவதும் முடிந்தபிறகாவது, அனுமதிக்கலாம். அதற்குமேல் உங்கள் புள்ளிவிவரம் எதுவும் கெட்டுப்போகாது. பேசிய மாணவர்களையும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அடுத்த நிதிச் சுற்றுக்கான விண்ணப்பப் படிவத்தில் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்க முடியுமா, முடியாதா என்று மட்டும் தெரிவித்தால் நன்றாயிருக்கும். முடியாது என்றால் காரணத்தையும் பொதுவில் எழுதுங்கள். தயவுசெய்து சான்றிதழ் எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கேற்பாளர் ஒருவரின் அண்ணன் மகள்