உடம்பு தாமதமாகச் சொல்லும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தனி வீடு, புது வேலை என்று ஆன பிறகு உனக்குப் போனில் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதுதான் வசதி. நடுவில் நிறுத்தலாம், திரும்பப் படிக்கலாம், குரலில் கோபம் இருக்கிறதா வருத்தம் இருக்கிறதா என்று தேட வேண்டாம். இரண்டும் இல்லை. எழுதியிருப்பதற்கு மேல் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. எங்கேயாவது 'கொஞ்சம்', 'அப்புறம்' என்று கணக்கில்லாமல் எழுதியிருந்தால், எவ்வளவு, எப்போது என்று என்னைத் திருப்பிக் கேள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஆட்டிசம் உள்ள உனக்கு, உன் உடம்பு செய்தியைத் தாமதமாகக் கொண்டுவரும். பசி, தாகம், களைப்பு, வலி, சத்தம் தாங்க முடியாமல் போவது, 'இது எனக்கு வேண்டாம்' என்கிற எண்ணம், எல்லாமே அப்படித்தான். ஆகவே தோன்றட்டும் என்று காத்திருக்காதே. கடிகாரத்தையும் காகிதத்தையும் வைத்து முன்கூட்டியே செய்துவிடு.

உடம்புக்குள் நடப்பதை உணர்கிற புலனுக்கு இண்டரோசெப்ஷன் என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது மந்தமாகவோ குழப்பமாகவோ இருக்கும். கை நடுங்கும்போதுதான் பசி என்று தெரியும்; சிலசமயம் பசியாகத் தெரியாமல் எரிச்சலாகத் தெரியும். இதோடு, தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முடியாத நிலை ஒன்று உண்டு, அலெக்ஸிதைமியா என்பார்கள். அது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. எனவே யாராவது 'எப்படி இருக்கே?' என்று கேட்டால் விடை தெரியாமல் நிற்பது பொய்யும் இல்லை, அலட்சியமும் இல்லை.

சாப்பாட்டுக்கு மூன்று நேரம், நடுவில் ஒரு சிற்றுண்டி நேரம், நான்குக்கும் அலாரம் வை. பசிக்கிறதா என்று உன்னையே கேட்காதே, நேரம் ஆனால் சாப்பிடு. ஒரு லிட்டர் பாட்டிலை மேஜையில் கண்ணில் படும்படி வைத்து, ஒரு நாளில் இரண்டு முறை காலி செய். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். கழிப்பறைக்கு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போ. அடக்கிவைப்பது தெரியாமலேயே அடக்குகிறவர்களுக்கு மூத்திரத் தொற்று வரலாம்.

அலாரம் எங்கே தோற்கும் என்பதையும் தெரிந்துகொள். ஒரே ஒலியை இரண்டு வாரம் கேட்டால் காது அதை விட்டுவிடும், மாற்றிக்கொண்டே இரு. வேலையில் மூழ்கியிருக்கும்போது கை தானாகப் போய் அணைத்துவிடும், அணைத்தது நினைவே இருக்காது. அதனால் போனை எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் வை. இந்த மூழ்கலுக்கு மோனோட்ரோபிசம் என்று 2005-இல் வந்த ஒரு கட்டுரை விளக்கம் தந்தது. பலருக்குக் கவனம் நாலைந்து வாய்க்காலில் பிரிந்து ஓடுகிறது, உன்னைப் போன்றவர்களுக்கு ஒரே வாய்க்காலில் முழு வேகத்தில் ஓடுகிறது. அதை மடைமாற்றுவது கஷ்டம். பாதியில் இழுத்தால் எரிச்சல் வரும், திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியாது. எழுவதற்கு முன் 'அடுத்து செய்ய வேண்டியது இது' என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட்டு எழு. அந்த ஒரு வரி இருந்தால் எழுவதும் சுலபம், திரும்பி உட்காருவதும் சுலபம்.

சத்தத்துக்கு வருகிறேன். இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் விசிறி, எஞ்சின் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக விழுங்கும். பேச்சுக்குரல், பாத்திரம் விழும் ஓசை, குழந்தையின் அழுகை இவை உள்ளே வந்துவிடும். அவற்றுக்குக் காதடைப்பான் வேண்டும். ஃபோம் (நுரைப்பஞ்சு) வகையை மெல்லிய குச்சி போல உருட்டு. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழு. உள்ளே செருகி, விரிந்து நிறையும்வரை 30 நொடி விரலால் பிடி. பட்டன் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெல் கணக்கு சோதனைச்சாலைக் கணக்கு. தளர்வாகப் போட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

இதில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, தலை வலிக்க ஆரம்பித்த பிறகு போடுவது. செய்தி தாமதமாக வருகிற உடம்புக்கு அது உதவாது, நுழைவதற்கு முன்பே போடு. இன்னொன்று, அமைதியான வீட்டிலும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருப்பது. ஒலி குறைந்தால் மூளை தன் வால்யூமை ஏற்றிக்கொள்ளும், கழற்றியதும் சாதாரணச் சத்தமே அடியாக விழும். ஆகவே இரைச்சலில் மட்டும்.

விளக்கும் அப்படித்தான். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 அல்லது 120 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாயங்காலம் தலைவலியாகத் தெரியும். மலிவான எல்இடி விளக்கிலும் இது உண்டு. போன் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பிப் பார். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்குக்கு நேர் கீழே உட்காராதே. துணியில் உறுத்தாத ஒரு வகை கிடைத்தால் அதிலேயே மூன்று நான்கு வாங்கி வைத்துக்கொள், கம்பெனிகள் தையலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

'எல்லாருக்கும்தான் சத்தம் கேட்கிறது, பழகிக்கோ' என்று யாராவது சொல்வார்கள். ஆட்டிசத்தை முதலில் விவரித்த மருத்துவர்களில் ஒருவரான லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரையிலேயே உரத்த ஓசைக்கு அஞ்சும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத் தெளிவாகச் சேர்ந்தது 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். எழுபது வருஷம். புத்தகமும் தாமதமாகத்தான் சொல்லியிருக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது மெல்ட்டவுன். கொதித்து வெளியே கொட்டினால் மெல்ட்டவுன், உள்ளுக்குள் அடைத்துக்கொண்டு பேச்சு நின்றால் ஷட்டவுன். காரணம் இரண்டுக்கும் ஒன்று, தாங்கும் அளவு தாண்டிவிட்டது. திடீரென்று வருவது போலத் தோன்றும், உண்மையில் திடீரென்று வருவதில்லை. வாக்கியம் சுருங்கும், சொன்னதையே திரும்பச் சொல்வாய், சட்டைக் காலர் உறுத்தும், இந்த டம்ளரா அந்த டம்ளரா என்று முடிவெடுக்க முடியாது. இவற்றில் உனக்கு வரும் மூன்று அடையாளங்களை எழுதிக் கதவில் ஒட்டு. மூன்றில் இரண்டு தெரிந்தால் கிளம்பிவிடு. 'இதை முடித்துவிட்டுப் போகிறேன்' என்று உட்காருவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கும்.

கிளம்பும்போது சொல்ல வேண்டியதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்: "எனக்கு 20 நிமிஷம் வெளியே போகணும், திரும்பி வருவேன்." 'திரும்பி வருவேன்' முக்கியம், அது இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போனதாக நினைப்பார்கள். பேச்சே வராது போகும் நேரத்துக்குப் போனின் முதல் திரையில் இதை வைத்துக்கொள்: "ஆட்டிசம் உள்ளவர். இப்போது பேச வரவில்லை. நீங்கள் பேசுவது கேட்கிறது. தொட வேண்டாம். அமைதியான இடம் போதும்." கூட இருப்பவர் ஒருவர் மட்டும் பேசட்டும், குறைந்த சொல்லில். விளக்கை அணைக்கட்டும். 'அமைதியாக இரு' என்று சொல்வதால் யாரும் அமைதி அடைந்ததில்லை.

முடிந்தபின் தண்ணீர், இருட்டு, தூக்கம். அன்று வண்டி ஓட்டாதே, மன்னிப்பு கேட்டு நீளமாக மெசேஜ் அனுப்பாதே, ராஜினாமா எழுதாதே. பத்து நிமிஷ மெல்ட்டவுனுக்கு ஒரு முழு நாள் ஓய்வு தேவைப்படலாம். அது சோம்பல் கணக்கில் வராது.

இதைவிடப் பெரிய தாமதம் பர்ன்அவுட். மாதக்கணக்கில் சமாளித்துக்கொண்டே போய் ஒருநாள் நிற்பது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆட்டிசம் உள்ள பெரியவர்களையே கேட்டு இதற்கு மூன்று குணங்கள் சொன்னது: தீராத களைப்பு, முன்பு செய்ய முடிந்தவை செய்ய முடியாமல் போவது, ஒலி ஒளி முன்பைவிடத் தாங்காமல் போவது, பெரும்பாலும் 3 மாதமோ அதற்கு மேலோ. மனச்சோர்வு போலவே தெரியும், இரண்டும் சேர்ந்தும் வரும், நீயே பிரித்துப் பார்க்க முயலாமல் டாக்டரிடம் போ. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், மணி எத்தனையானாலும், எனக்கு போன் செய்.

பர்ன்அவுட்டுக்கு முக்கியமான தீனி மாஸ்கிங், அதாவது நாள் முழுக்க மற்றவர் மாதிரி நடிப்பது. கண்ணைப் பார்ப்பது, கையை அசைக்காமல் அடக்குவது, எப்போது சிரிப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பது. முழுக்க விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், உலகம் அவ்வளவு நல்லதாக இல்லை. அந்த முகமூடியை எங்கே போடுகிறாய் என்பதை நீ தேர்ந்தெடு. வாடிக்கையாளர் முன் போடு. தினமும் பக்கத்தில் உட்காருபவரிடம் "பார்க்காமல் கேட்டால்தான் எனக்கு நன்றாகக் கேட்கும்" என்று சொல்லிவிடு. ஒரு மணி நேரக் கூட்டம் என்றால் அடுத்த அரை மணியைக் காலியாக வை. அரை மணி போதவில்லையென்றால் ஒரு மணி, இதை நீதான் இரண்டு வாரம் எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விரலை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவது எல்லாம் உடம்பு தன்னைச் சமன் செய்துகொள்ளும் வழி. யாருக்கும் வலிக்காதவரை நிறுத்தத் தேவையில்லை.

ஆபீஸில் 'நேரம் கிடைக்கும்போது பாருங்க' என்பார்கள். பாதி நேரம் அதற்கு 'இன்றைக்கே' என்று அர்த்தம். எந்த நாள், எத்தனை மணி, இதற்காக எதைத் தள்ளி வைக்கலாம் என்று மூன்றும் கேள். கேட்டதை அன்றே மூன்று வரி மெயிலாக அனுப்பிவிடு. பிறகு சொல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புரியாமல் போனது உன் தவறு என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளாதே. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் பேசும்போது புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. ஆட்டிசம் என்று சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வை. பெயரைச் சொல்லாமலும் தேவையைக் கேட்கலாம்: எழுத்தில் வேலை விவரம், சுவரோரம் முதுகு வைத்த இருக்கை, கூட்டத்துக்கு முந்தின நாள் பேசப்போகும் விஷயங்களின் பட்டியல்.

டாக்டரிடம் 'ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?' என்பார்கள். உனக்கு அந்த அளவுகோல் ஆகாது. என்ன செய்ய முடியவில்லை என்று சொல்: "இரண்டு நாளாக வலது காலை ஊன்ற முடியவில்லை, ராத்திரி நான்கு தடவை விழித்தேன்." கூடவே, "எனக்கு வலி முகத்தில் தெரியாது" என்பதையும் சொல். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டிவிடு. அன்றைய முதல் நேரத்தைக் கேள், காத்திருப்பு குறைவு. பல் டாக்டரிடம் வலிக்காவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை போ, வலி உனக்குத் தெரியும் நாளில் பல் பாதி போயிருக்கும். கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள். பேஸ்ட்டின் காரமும் நுரையும்தான் பிரச்சினை என்றால் நுரைக்காத, சுவையில்லாத பேஸ்ட் உண்டு. ஃப்ளோரைடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.

குளிப்பதில் துண்டு எடுப்பது முதல் தலை துவட்டுவது வரை பதினைந்து காரியம் இருக்கிறது. முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்து, உடை மாற்றி, 30 நொடி பல் தேய். அரைகுறையும் கணக்கில் சேரும்.

கடைசியாக, 'சரி' என்ற சொல். அதுவும் உன் வாயிலிருந்து சீக்கிரம் வந்துவிடும், 'வேண்டாம்' தாமதமாக வரும். பணம் கடன் கொடுப்பது, கையெழுத்துப் போடுவது, ஒருவர் வீட்டுக்கு வருவது, நெருங்கிப் பழகுவது எதற்கும் முதல் பதில் "நாளைக்குச் சொல்கிறேன்" என்பதாகவே இருக்கட்டும். 24 மணி நேரம் காத்திருக்க மறுப்பவருக்குப் பதில் 'இல்லை'. சரி என்று சொன்ன பிறகும், நடுவிலும், மாற்றிச் சொல்லலாம். உறைந்துபோய்ப் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. ஓடிபி எண்ணை 24 மணி கழித்தும் யாருக்கும் சொல்லாதே, எனக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு போன் செய்கிறேன். பேசத் தோன்றாவிட்டால் எடுக்காதே, மெசேஜில் ஒரு புள்ளி மட்டும் அனுப்பு. நன்றாக இருக்கிறேன், பேச விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன், ஏன் என்று கேட்க மாட்டேன். 12 மணிக்குள் புள்ளி வராவிட்டால் மறுபடி அடிப்பேன். 2 மணிக்கும் வராவிட்டால், உன் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை வந்து பார்க்கச் சொல்வேன். அது யார் என்று முடிவு செய்து இந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுது.

அம்மா