மடங்கிய விரல் நிமிர மறுத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலையில் எழுந்ததும் மோதிர விரலோ கட்டைவிரலோ மடங்கியபடியே நின்றுவிட, மறுகையால் பிடித்து இழுத்தால் ‘டக்’கென்று நிமிர்வதைப் பலர் வெறும் சுளுக்கு என்று எண்ணி, நீவிவிட்டே மாதங்களைக் கடத்துகிறார்கள். ‘டிரிகர் ஃபிங்கர்’ எனப்படும் இந்தக் கோளாறில், விரலை மடக்கும் தசைநாண் நுழைந்து செல்லும் உறையின் வாய்ப்பகுதி தடித்துக் குறுகிவிடுகிறது. தசைநாணிலும் சிறு வீக்கம் உண்டாவதால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதில் சிக்குவதுபோல அது அங்கே சிக்கிக்கொள்கிறது.

இதைக் கண்டறிய எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளங்கையில் விரலின் அடிப்பகுதியை அழுத்தியபடி மடக்கி நீட்டச் சொன்னாலே மருத்துவரின் கைக்கு அந்த முடிச்சு தட்டுப்படும்.

ஆரம்பத்தில் ஓய்வும், விரலை நீட்டி வைக்கும் பட்டையும் போதுமானதாக இருக்கலாம். அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல பலன் தருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் அதிகம் வருவதோடு, ஊசியின் பலன் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்பதையும், போட்டபின் சில நாட்கள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். அதற்கும் மசியாத விரலுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, குறுகிய உறையைத் திறந்துவிடும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. பயந்து தள்ளிப்போட்டால் மூட்டு இறுகி, விரல் முழுதாக நிமிராமலே போகக்கூடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்