மூட்டை வந்து சேர்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கந்தல் விரிப்பு நெய்ய நீ அனுப்பிய பழைய துணி மூட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. தம்பி வழக்கம்போலத்தான். வேறு சேதி இல்லை.

எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். எப்போதும் சொல்வதுதான், வெட்டுவதற்கு முன்னால் துவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெய்த பிறகு முதல் தண்ணீரிலேயே சாயம் இறங்கி, ஒரு துணி சுருங்கி ஒரு துணி சுருங்காமல், விரிப்பு கோணிக்கொள்ளும். உன் பனியன்களைச் சுற்றிச் சுற்றி வெட்டினேன், அறுபடாமல் ஒரே பட்டையாக வந்தது. புடவையை அகலமாகக் கிழித்தேன். மெல்லிய துணி, மற்றதன் கனத்துக்கு ஈடாக வர வேண்டுமே. நுனிகளைச் சேர்க்க ஊசி எடுக்கவில்லை. இரண்டிலும் சின்னக் கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்தேன். நீதான் அதை என்னைவிட வேகமாகச் செய்வாய்.

மூட்டையின் அடியில் மாப்பிள்ளையின் சட்டைகள் 5 இருந்தன. அவற்றை வெட்டவில்லை. காலர்கூட நையவில்லை, பாப்பா. ஒன்றில் உள்பக்கம் தைத்து வரும் உதிரிப் பட்டன் அப்படியே இருக்கிறது. ஒரு சட்டையை வெட்டினால் ஒரு சாண்கூட நெய்ய வராது, அதற்குப் போய் நல்ல சட்டையா? அவருக்கு உடம்பு பருத்துவிட்டதோ என்னவோ. அப்படித்தான் இருக்கும். நீ இராத்திரி நேரத்தோடு தூங்கு.

நேற்று தறியில் நீளவாக்கில் பாவு நூல் ஏற்றினேன். அங்குலத்துக்கு 12 இழை, நல்ல முறுக்கேறிய பருத்தி நூல். பார்க்கிறவர்கள் கந்தலின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், பாவு நூல் இற்றால் விரிப்பே இல்லை. 12 வயதில் தறியின் விழுதுக் கண்களில் ஓர் இழை தவறாமல் கோத்தவள் நீ. இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஃபோன் எடுக்கத்தான் உனக்கு நேரமில்லை. ஐந்து சட்டையையும் ஒரேயடியாகவா கழித்துவிட்டார்?

குறுக்கே போகும் ஊடையை விறைப்பாக இழுக்காதே, வில் மாதிரி வளைத்துப் போட்டு அப்புறம் அச்சுச் சீப்பால் அடி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ இழுத்துத்தான் நெய்தாய். உன் முதல் விரிப்பு நடுவில் இடுப்பு ஒடுங்கி வந்தது. தறியிலிருந்து அறுப்பதற்கு முந்தின இராத்திரி, நீ தூங்கிய பிறகு, நான் அதைப் பிரித்தேன். உன் பட்டைகளையே வைத்து, ஓரம் நேராக, விடியும்வரை நெய்தேன். உனக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரியாமல் இருக்குமா? பச்சைக்குப் பக்கத்தில் நீ வைத்தது ஊதா. தூக்கக் கலக்கத்தில் நான் நீலத்தைப் போட்டிருக்கிறேன். காலையில் கொஞ்ச நேரம் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்குப்பா’ என்றாய். அதற்கப்புறம் நீ தறியில் உட்காரவே இல்லை. படிப்பு அதிகம் என்று எல்லாரிடமும் நான் சொன்னேன்.

போன வாரம் ஃபோனில் ‘எல்லாம் நல்லா இருக்குப்பா’ என்றாயே, அதே குரல்.

சட்டைகளை அம்மா பார்க்கவில்லை. என் பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். தறியில் தொடக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் வெறும் நூலில் நெய்து நிறுத்தியிருக்கிறேன். வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன். திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். நீயே வந்து பார்த்து முடிவு செய்வதானாலும் சரி, பாவு அப்படியே இருக்கும்.

நேரத்தோடு தூங்கு.

அப்பா