நகரசபைப் பட்டியலில் எங்கள் பெயர்கள் எங்கே?

ஜேர்மனியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழாலயங்கள், கோயில் சபைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2024 யூன் மாதம் நகரசபைத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்தன. ஒரு கட்டுப் பேப்பர். பார்த்ததுமே அலுத்துப்போய் மேசையில் போட்டுவிட்டேன். பிறகு என் மகள்தான் விரித்துவைத்துப் பெயர்களை வாசித்தாள். துருக்கிப் பெயர், குர்திஷ் பெயர், கிரேக்கப் பெயர், குரோவாசியப் பெயர். "அப்பா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?" என்றாள். அந்தக் கேள்விதான் இந்த மடல்.

பசுமைக் கட்சி அரசியல்வாதி முஹ்தெரெம் அராஸை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1966இல் துருக்கியின் பிங்கோல் மாகாணத்தில் ஒரு குர்திஷ் அலெவி குடும்பத்தில் பிறந்தவர். 1978இல், பன்னிரண்டு வயதில், ஜேர்மன் மொழி தெரியாமல் ஃபில்டர்ஸ்டட்டுக்கு வந்தார். ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, ஸ்ருட்கார்ட்டில் சொந்தமாக வரி ஆலோசனை அலுவலகம் நடத்தினார். அவர் பசுமைக் கட்சியில் சேர்ந்தது 1992இல். ரொஸ்டொக்கிலும் மோல்னிலும் வெளிநாட்டவர் வீடுகளுக்குத் தீ வைத்த வருடம் அது. அந்த நாட்களில் இரவில் யன்னலோரம் படுக்கப் பயந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு அவர் போன பாதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1999இல் ஸ்ருட்கார்ட் நகரசபைக்குள் போனார். பன்னிரண்டு வருடங்கள் அங்கேதான் இருந்தார். 2007 முதல் தன் கட்சிக் குழுவின் தலைவர். நகரசபையில் பேசப்படுவது என்ன? கிண்டர்கார்டன் இடம், வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கூரை, வரவுசெலவு. 2011இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஸ்ருட்கார்ட் 1 தொகுதியை 42.5 வீத வாக்குகளுடன் வென்றார். சட்டமன்றத்திலும் நிதி விவகாரத்தைத்தான் கையில் எடுத்தார். 2016 மே மாதம் பாடன்-வூர்ட்டம்பேர்க் சட்டமன்றத்தின் சபாநாயகரானார். அந்தக் கதிரையில் அதற்குமுன் ஒரு பெண்ணே இருந்ததில்லை.

கதிரை கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2018 டிசம்பர் 12 அன்று ஒழுங்கை மீறிய, குடியேறிகளை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் உறுப்பினர் ஸ்டெஃபான் ரெப்லேயை வெளியேறச் சொன்னார். அவர் அசையவில்லை, பொலிஸ் வரவேண்டியதாயிற்று. அக்கட்சியின் சட்டமன்றக் குழுவிலிருந்து விலகியிருந்த வொல்ஃப்காங் கெடியோன், இப்படிச் சபை நடத்துவதென்றால் துருக்கியின் அனத்தோலியாவில் நடத்தலாம், இங்கே முடியாது என்ற பொருளில் பேசினார். அவரையும் பொலிஸ்தான் வெளியே கூட்டிப்போனது. நாற்பது வருடம் வாழ்ந்து, வரி கட்டி, சட்டமன்றத்தின் முதல் கதிரையில் இருந்தவரிடமே ஊர் எது என்று கேட்டார்கள். ஆனால் அன்று யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானித்தது அவர்.

நாங்களும் அதே காலத்தில்தான் வந்தோம். 83க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று மருத்துவர்கள், பொறியியலாளர்கள். அரசியல் என்றதும் நாங்கள் செய்வது இரண்டு: மகஜர், கவனயீர்ப்பு. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் மழையில் பதாகை பிடித்தவன். ஆனால் மகஜரை வாங்குகிறவர் எப்போதும் வேறு யாரோவாக இருக்கிறார்.

"எங்களுக்குத் தடைகள், சந்தேகங்கள், அரசியலுக்குள் போனால் பிரச்சினை" என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். குர்திஷ் மக்களுக்கு அது இல்லையா? குர்திஷ் ஆயுத இயக்கமான பி.கே.கே. இங்கே தடைசெய்யப்பட்டது 1993இல். அந்த நிழலுக்குள் இருந்துகொண்டே அவர்களில் பலர் ஊர் அரசியலுக்குள் போனார்கள். அவர்களில் ஒருவரான பெரிவான் அய்மாஸ் நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா சட்டமன்றத்தின் துணைச் சபாநாயகரானார். 2025இல் கோல்ன் மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றுவரை போய்த்தான் தோற்றார்.

எங்கள் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் தேர்தல் விதி எங்களைப் போன்ற சிறிய சமூகங்களுக்கு வாய்ப்பானது. ஸ்ருட்கார்ட் நகரசபையில் 60 ஆசனங்கள். ஒரு வாக்காளருக்கும் 60 வாக்குகள். ஒரு வேட்பாளருக்கு 3 வாக்குவரை போடலாம், வேறு வேறு கட்சிப் பட்டியல்களிலிருந்தும் எடுக்கலாம். இருநூறு பேர் மூன்று மூன்றாகப் போட்டால் 600. ஸ்ருட்கார்ட்டில் அது காணாது. ஒரு சிறிய ஊரில், பட்டியலின் அடியில் இருக்கிறவரை அது பல படி மேலே தூக்கும். பதினாறு வயதில் வாக்குப் போடலாம், இப்போது போட்டியிடவும் முடியும்.

இதற்கெல்லாம் ஜேர்மன் பாஸ் அல்லது ஐரோப்பிய ஒன்றியப் பிரஜாவுரிமை வேண்டும். 2024 யூனிலிருந்து பொதுவாக, இங்கே ஐந்து வருடம் வாழ்ந்தால் ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய பிரஜாவுரிமையைக் கைவிடச் சொல்லி ஜேர்மனி இனிக் கேட்பதில்லை. இதைக்கூட எங்கள் கோயில் அறிவித்தல் பலகையில் நான் பார்க்கவில்லை. அன்னதானப் பட்டியல் மட்டும் வாரம் தவறாமல் இருக்கிறது.

எங்கள் மாநிலத்தில் அடுத்த நகரசபைத் தேர்தல் 2029இல். கட்சிகள் பட்டியல் போடத் தொடங்குவது அதற்கும் ஒரு வருடம் முன்னால். வரும் பொதுச்சபைக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், ஒரு நீள மேசை போடுங்கள். மகள் அந்தப் பழைய வாக்குச்சீட்டை எறியாமல் வைத்திருக்கிறாள். நானே கொண்டுவந்து விரிக்கிறேன்.

அன்புடன்,
ஸ்ருட்கார்ட் அருகே வாழும் ஒரு தமிழாலயப் பெற்றோர்