கீபோர்டைப் பிரித்த கதை

மாப்பிள்ளை,

பங்குனியில் நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோயில்களில் கம்பம் நட்டதிலிருந்து தினம் ஒரு ஊர் நோம்பியில் கச்சேரி, பகலெல்லாம் தூக்கம், அப்புறம் உன்னிடம் பேசவே கூச்சமாகப் போய்விட்டது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. அம்மா சௌக்கியம், உன்னைக் கேட்டாள். குண்டனுக்கு இரண்டாவதும் பெண், டிரம்ஸை மட்டும் இன்னும் விற்கவில்லை.

எழுத வேண்டி வந்தது வேறு விஷயத்துக்கு. மேடையில் நான் வாசிக்கிற கீபோர்டை, அந்தக் கோர்க் க்ரோனோஸைப் பிரித்தேன். சிரிக்காதே.

2011 மாடல், உள்ளே ஒலியெல்லாம் இருப்பது 30 ஜிபி எஸ்எஸ்டி டிரைவில். அந்தக் காலத்துக்கு அது பெரிசுதான். ஆனால் அதன் பியானோவே சில ஜிபி, அதையும் ராம் மெமரியில் ஏற்றாமல் நேராக டிரைவிலிருந்தே இழுத்து வாசிக்கிற பெட்டி அது. நான் பாட்டுக்கு நாதஸ்வரம், பம்பை, தவில் என்று ஏற்றிக்கொண்டே போனேன், இடம் தீர்ந்துவிட்டது. இரண்டரை அங்குல சாட்டா டிரைவ்தானே, லேப்டாப்புக்குப் போடுகிற அதே சாமான், 240 ஜிபி ஒன்று வாங்கி நானே மாட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

கட்டிலில் இரண்டு தலையணை போட்டுக் குப்புறக் கவிழ்த்தேன். எந்தத் திருகு எந்த இடத்தது என்று மாறிவிடக் கூடாதே என்று இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டுவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "நாளைக்கு இட்லிக்கு ஆணி தொட்டுக்கிறயா?" என்றாள். அடித்தகட்டைத் தூக்கினால் உள்ளே பதிமூன்று வருஷத்துத் தூசி, கூடவே எந்தக் கோயில் மேடையில் விழுந்ததோ, ஒரு சாமந்தி இதழ் காய்ந்து கிடந்தது. டிரைவை மாற்ற ஐந்து நிமிஷம். டிவிடி டிரைவ்தான் ஊரில் எங்கேயும் இல்லை, கடைசியில் கல்யாண வீடியோக்காரரிடம் கெஞ்சி வாங்கி, பெட்டியோடு வந்த டிவிடிகளைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றி முடிப்பதற்குள் கோழி கூப்பிட்டுவிட்டது. ஆன் ஆனது. நான் முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த பிசிஜி கோப்பை லோடு பண்ணினேன். என்னுடைய பேர்களெல்லாம் வரிசையாகத் திரையில் வந்தன. அப்புச்சி உடுக்கையும் வந்தது, நம் பம்புசெட்டு ரூமில் தாத்தா அடிக்க நாம் மைக்கில் பிடித்தோமே, அது. கட்டையை அழுத்தினேன். சத்தம் இல்லை.

பிசிஜியில் இருப்பது நாம் செய்து வைத்த அமைப்பு மட்டும்தானாம். ஒலிக்கு கேஎஸ்சி, கேஎஸ்எஃப் என்று கோப்புகள் தனியாக உண்டு, அதைத் தனியாகச் சேமித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் வாசிக்கிறேன், இதுகூடத் தெரியாமல்தான் பெட்டிக்காரன் என்று திரிந்திருக்கிறேன்.

பழைய டிரைவ் இருக்கிறதே என்பாய். அதை முந்தின நாளே அக்கா பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன், லேப்டாப்புக்கு வேணுமென்றான். அவனுக்குப் போனைப் போட்டால், "மாமா, விண்டோஸ்ல படிக்க மாட்டேங்குது, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது, ஓகே கொடுக்கட்டா?" என்கிறான். க்ரோனோஸ் ஓடுவது லினக்ஸில், விண்டோஸுக்கு எப்படிப் புரியும்? நான் கத்தின கத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

சைக்கிளில் போய் வாங்கி வந்து, மறுபடி கவிழ்த்து, மறுபடி இட்லித் தட்டு. பழையதை மாட்டி ஆன் செய்தால் அதற்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், உனக்குத் தெரியும். மேடையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த நேரத்தில் ஒரு டீயே குடித்துவிடுவோம். அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷமும் கைகால் ஓடவில்லை. வந்தது. முதல் அடியே நம் பம்புசெட்டு ரூமின் எதிரொலியோடு வந்தது.

நாற்பத்து மூன்று உடுக்கை அடி மாப்பிள்ளை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அப்புச்சி இறுக்க இறுக்க சத்தம் ஏறுகிறதே, அந்த ஒவ்வொரு படியும் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 10 எம்பி கூட வராது. அண்ணமார் விழுந்த படுகளக் கதையைப் பாட அவர்கள் கோயிலுக்கு இப்போது எங்கிருந்தோ ஆள் கூட்டி வருகிறார்கள், ஸ்பீக்கரில்தான் உடுக்கை. அப்புச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது, இந்தப் பத்து எம்பியைத் தவிர அவர் அடித்தது எங்கேயும் இல்லை, அதை நான் ஒரு பொடியனின் விரல் நுனியில் விட்டுவைத்திருந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. இரண்டாவது டிரைவுக்கு உள்ளேயே இடம் இருக்கிறதாம். பழையதைத் தொடாமலே பக்கத்தில் புதுசை மாட்டியிருக்கலாம். இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இதோடு அந்த அடிகளை ஏற்றி ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பாட்டு கேட்க இல்லை, உன் பீரோவில் போட்டுப் பூட்டி வை. இருபத்தேழாவது கோப்பை மட்டும் கேள், அடிக்கு முன்னால் வெட்டாமல் விட்டிருக்கிறேன். "மைக்கை மூக்குல கொண்டாந்து குத்தாதடா" என்கிறார் அப்புச்சி. உன்னைத்தான்.

ஒரு திருகு மிச்சம் ஆகிவிட்டது. பெட்டி பாடுகிறது, அதனால் தேடவில்லை.

இப்படிக்கு,
பெட்டிக்காரன்