மெக்சிகோ சம்பந்தியோடு பேச

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிள்ளான் சந்தைக்கு நீயே நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. படிக்கட்டில் மட்டும் அவசரப்படாதே. பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை இவரிடம் சொன்னேன், அவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

இங்கே ஒரே கல்யாண வேலைதான். மருமகளாக வரப்போகிறவளுக்கு மெக்சிகோவில் குவாதலஹாரா ஊர். அவள் நன்றாக ஆங்கிலம் பேசுவாள். அவள் அம்மாவுக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான். இந்த வயதில் எதற்கு ஸ்பானிய மொழி என்று கேட்டிருந்தாயே, அந்த அம்மாவுக்காகத்தான். நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் சம்பந்திகளுக்குள் என்ன ஒட்டுதல் வரும்? இத்தனை தூரத்துக்குப் பெண்ணை அனுப்புகிற தாயிடம் நான் என் வாயால் பேச வேண்டும்.

அதனால் உறவுப் பெயர்களிலிருந்தே ஆரம்பித்தேன். எண்ணும் நிறமும் அப்புறம் வரட்டும். 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண், பெரும்பாலும் இப்படித்தான். எர்மானோ சகோதரன், எர்மானா சகோதரி. அபுவேலோ தாத்தா, அபுவேலா பாட்டி. நம் நாக்குக்கு இது கஷ்டமான மொழியே இல்லை. மச்சானுக்குக் 'குஞாதோ' என்கிறார்கள், நம் 'ஞ' அப்படியே வருகிறது. அப்பா 'பாத்ரே', அதையே பன்மையாக்கி 'பாத்ரெஸ்' என்றால் அப்பா அம்மா இருவரும். 'பரியெந்தெஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதைப் பெற்றோர் என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் என்றுதான் அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது 'கோன்ஸ்வெக்ரா'. ஸ்வெக்ரா மாமியார். முன்னால் 'கோன்' சேர்ந்தால் சம்பந்தியம்மா! மலாயில் நாம் 'பேசான்' என்கிறோமே, அதேதான். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல 'என் மகனுடைய மனைவியின் தாயார்' என்று சுற்றி வளைக்க வேண்டும். சகலைக்கும் ஓரகத்திக்கும்கூட மெக்சிகோக்காரர்கள் 'கோன்குஞோ', 'கோன்குஞா' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தால் வந்த உறவுக்கும் ஒரு முறை வேண்டும் என்று நினைக்கிற ஜனங்கள் என்றால் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அண்ணன் தம்பி விஷயத்தில்தான் நம் மொழிதான் பணக்கார மொழி. அங்கே இருவருமே எர்மானோ, மூத்தவர் என்றால் 'மயோர்', இளையவர் என்றால் 'மெனோர்' என்று ஒட்டுச் சேர்க்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் ஒரே 'தீயோ'. கூடத்தில் மாட்டியிருக்கிற என் கல்யாணப் படத்தை இறக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். வெள்ளை வேட்டியில் நிற்கிற பெரியப்பா 'எல் எர்மானோ மயோர் தெ மி பாத்ரே', என் அப்பாவின் மூத்த சகோதரர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மாச்சி 'மி அபுவேலா'. மாலையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற தாய்மாமன்தான் சிக்கல். அம்மாவின் சகோதரர் என்று சொல்லிவிடலாம், ஆனால் கல்யாணத்தில் அவருக்கு உள்ள உரிமையை அது சொல்லாது. அங்கே 'பத்ரீனோ' என்று ஒரு முறை உண்டு. குழந்தையின் ஞானஸ்நானத்திலும் பிறகு கல்யாணத்திலும் பொறுப்பேற்று நிற்கிறவர் அவர். அதனால் தாய்மாமன் என்பவர் தீயோவும் பத்ரீனோவும் சேர்ந்தவர் என்று சொல்லப்போகிறேன்.

மரியாதையும் உண்டு. நீ என்பதற்குத் 'தூ', நீங்கள் என்பதற்கு 'ஊஸ்தெத்'. பெரிய மனுஷியின் பெயருக்கு முன்னால் 'தோஞா' போடுவார்கள். சம்பந்தியம்மாவை நான் ஊஸ்தெத் என்றுதான் பேசுவேன், அவரே வேண்டாம் என்று சொல்லும்வரை.

இன்னொன்று. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று போட்டு அப்பா பெயர் மட்டும்தானே வருகிறது. தாயின் பெயரும் பிள்ளையோடு போவது நியாயமான வழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

கொள்ளுப்பாட்டி 'பிஸபுவேலா', எள்ளுப்பாட்டி 'ததரபுவேலா'. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில், செத்துப்போன முன்னோர்களின் படங்களை வைத்து, செண்டுமல்லி பரப்பி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்களாம். மருமகள் அனுப்பிய படத்தில் அவளுடைய பிஸபுவேலா இருந்தார். நம் படையலைப் பார்த்தால் சம்பந்தியம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது.

என் கல்யாணப் படத்தில் கடைசியில் நிற்கிறாய் நீ, பச்சைப் புடவை, கையில் பன்னீர்ச் செம்பு. தோழிக்கு 'அமீகா' என்று ஒரு சொல் இருக்கிறது, உனக்கு அது போதாது. 'கோமாத்ரே' என்பது பிள்ளையைப் பெற்றவளுக்கும் அந்தப் பிள்ளையின் ஞானத்தாய்க்கும் உள்ள முறை. மெக்சிகோவில் நெருங்கிய தோழிகளும் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டியவள் நீ. உன்னை 'மி கோமாத்ரே' என்றுதான் சம்பந்தியம்மாவிடம் சொல்வேன், தயாராக இரு.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறினால் முட்டிக்கு அலைச்சல் இருக்காது. அங்கிருந்து ஃபெர்ரியில் ஏறு, ஜெட்டியில் இவர் காத்திருப்பார். எந்த ரயில் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழி