லேகோஸிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நைஜீரியாவில் நலம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? சின்ன மாமாவின் சிநேகிதர் கொண்டுவந்த கடிதமும் பருப்புப் பொடியும் கிடைத்தன. ஆடி போய் ஐப்பசியும் வந்துவிட்டது, ஒரு வரி எழுதவில்லையே என்று நீ திட்டியது நியாயம்தான். போனில் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் லைன் போய்விடுகிறது. அவர் அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஊர்க் கல்யாணம் எப்படி இருக்கும் என்று பாப்பா கேட்டிருந்தாள். போன சனிக்கிழமைதான் எங்கள் ஸ்டோர்கீப்பர் மகள் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். யோருபா என்ற இந்தப் பக்கத்து இனத்துக்காரர்கள். சனிக்கிழமை வந்தால் இங்கே எங்காவது ஒரு தெருவைப் பந்தல் போட்டு அடைத்திருப்பார்கள். வீட்டார் ஒரு துணியை முடிவு செய்து சொல்வார்கள். வருகிறவர்கள் காசு கொடுத்து அதையே வாங்கித் தைத்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அசோ எபி என்று பெயர். என்னிடமும் கேட்டார்கள். எனக்கு எதற்கு அதெல்லாம் என்று வெள்ளைச் சட்டையிலேயே போய்விட்டேன், இந்தப் புழுக்கத்துக்கு அதுதான் சௌகரியம். பெண்கள் தலையில் விறைப்பான துணியை மடிப்பு மடிப்பாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், கேலே என்று பெயர். முன்வரிசையில் நாலு பேர் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவனுக்கு மேடையே தெரியாது.

பெண் வீட்டுக்கு ஒரு அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு அம்மா என்று மைக் பிடிக்க ஆள் அமர்த்துகிறார்கள். மாப்பிள்ளையை உள்ளே விடுவதற்கே ஒரு மணி நேரம் கேலியும் பாட்டும் காசு வசூலும். அப்புறம் மாப்பிள்ளையும் தோழர்களும் பெண்ணைப் பெற்றவர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். சீர் வரிசையில் கை நீளத்துக்கு வள்ளிக்கிழங்கு, தேன், உப்பு, கோலாக்கொட்டை. எல்லாம் முடிந்து ஆட்டம் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மணமக்கள் நெற்றியில் பண நோட்டை ஒட்டுகிறார்கள். கீழே விழுவதைப் பொறுக்கிப் பையில் போடத் தனி ஆள். 2007-ல் வந்த சட்டப்படி அப்படி நோட்டை ஒட்டுவது குற்றம், ஆறு மாதம் ஜெயில்கூட உண்டு. யார் கேட்கிறார்கள்? நோட்டுப் புத்தகத்தில் பெயரெழுதி மொய் வாங்குகிற நம்ம பெரியப்பா பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

சாப்பாடு பற்றிக் கவலைப்படாதே. தக்காளியும் மிளகாயும் அரைத்து விட்டு வேகவைக்கிற ஜொலோஃப் சோறு விறகடுப்பில் செய்தால் அடிப்பிடித்த புகை வாசனையோடு அருமையாக இருக்கிறது. மிச்சத்தை டப்பாவில் கட்டிக் கொடுத்தார்கள், ஞாயிறு, திங்கள் அதையே சுடவைத்துச் சாப்பிட்டேன், அவ்வளவு ருசி. காலையில் தெருமுனையில் அக்காரா: தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரிப்பது. ரொட்டிக்குள் நாலு வைத்துத் தருவார்கள். மத்தியானம் வரை தாங்கும்.

ஆபீஸ் வேலையாக விக்டோரியா ஐலண்டு போனால் தேர்டு மெயின்லேண்ட் பாலத்தைத் தாண்ட வேண்டும். காயல் மேல் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். ஒரு நாள் திரும்ப முடியாதபடி நெரிசல், அங்கேயே தங்கிவிட்டேன். ஏகோ ஹோட்டல் மாதிரி பெரிய இடமெல்லாம் அந்தப் பக்கம்தான். நான் தங்கியது சந்துக்குள் ஒரு சின்ன லாட்ஜ். காலை ஆறு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்துவார்கள் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. சரியாக ஆறுக்கு ஃபேன் நின்றது.

மாடி வீட்டம்மாவுக்கு இரட்டைப் பையன்கள். முதலில் பிறந்தவன் டைவோ, அடுத்தவன் கெஹிண்டே. ஆனால் கெஹிண்டேதான் அண்ணனாம். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னால் அனுப்பினானாம்! தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் என் வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூட லீவில் பாட்டி ஊருக்குப் போயிருந்தபோது வீடு ஒரு மாதிரியாக இருந்தது. ரேடியோவைப் போட்டு வைத்தேன்.

அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை காலில் விழுந்தபோது, பெண்ணின் அப்பா தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார். அப்பா ஞாபகம் வந்துவிட்டது அம்மா. எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, நம்ம பாப்பா கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற பெரிய மண்டபத்துக்கு அப்பா இப்போதே தலையாட்ட வேண்டாம். 2023 ஜூனில் இந்த ஊர்ப் பணமான நைராவைச் சந்தை விலைக்கு விட்ட பிறகு, 460 நைராவுக்கு வந்த டாலர் 2024-ல் 1,500-ஐத் தாண்டியது. சம்பளம் நைராவில்தான். அதனால் பணம் மொத்தமாக வராமல் மூன்று தவணையாக வரும், அவ்வளவுதான். உன் வளையலை மட்டும் அடகு வைக்காதே. சீட்டை ஏலம் எடுக்க முடியுமா என்று அத்தையிடம் கேட்டுப் பார்.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் டிக்கெட் விலை எக்கச்சக்கம். ஒருவேளை நான் வந்துசேரத் தாமதமானால் மச்சினன் மோதிரம் போடச் சித்தப்பா மகனிடம் சொல்லிவை. பாப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. பத்திரிகையில் பெரியப்பா பெயரை முதலில் போடச் சொல். வயல் வழக்கு வேறு, இது வேறு. சமையலுக்குப் பழைய ஆளையே பேசுங்கள், புதியவர் வேண்டாம். அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட் என்ன சொன்னது என்று கடிதத்தில் இல்லையே, அதை எழுது.

உன் அன்பு மகன்